புதன்கிழமை வயிற்றுவலிக்காரர்கள்

கிருமியாம்.

கள்ளக்குறிச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் வயிற்று டாக்டர் இதைத்தான் சொன்னார். என் கடைசி மகனை விடச் சின்னவர். தொண்டை வழியாகக் குழாயை இறக்கி என் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஐயா, வயித்துல சின்னதா ஒரு புண் இருக்கு. ஒரு கிருமிதான் காரணம். பதினாலு நாள் மாத்திரை எழுதித் தரேன், போயிடும்" என்றார்.

நான் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் என் வாய் அப்படி வளர்க்கப்பட்டதல்ல. "இதே வியாதிக்கு நாங்க வாரா வாரம் எட்டுப் பேரை ஜமுக்காளத்துல வட்டமா உக்காரவச்சுப் பேசவச்சோம் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். கேலியாக இல்லை, உண்மையாகவே வேடிக்கையாக இருந்திருக்கிறது. "பேசினதுல கிருமி செத்துதா?" என்று கேட்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கேட்டார். வெளியே டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். "இதை எழுதிவையுங்க ஐயா, எங்க ஆளுங்க யாருக்கும் தெரியாது" என்றார். அதனால் எழுதுகிறேன். அவரிடம் சொல்லாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது.

நான் கம்பவுண்டர். இப்போது மருந்தாளுநர் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். சென்னையில் இரண்டு வருடம் படித்தேன். படிப்பில் நினைவிருப்பது விடுதிச் சாம்பாரும், அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற பாடமும்தான். படித்து முடித்ததும் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இப்போது அது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து, அது மூடப்படும் வரை அதன் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நான்தான் நின்றேன்.

அப்போது மருந்து என்றால் பாதி தண்ணீர் மருந்துதான். நோயாளியே பாட்டில் கொண்டுவர வேண்டும். பிராந்தி பாட்டில், நல்லெண்ணெய் பாட்டில், ஒருமுறை ஒருவர் மண்ணெண்ணெய் வாசம் போகாத பாட்டிலையே நீட்டினார். மருந்தை ஊற்றி, ஒரு காகிதத் துண்டை மடித்து வேளைக்கு ஒரு வெட்டாகக் கத்தரித்து, பாட்டிலின் முதுகில் ஒட்டித் தருவேன். ஒரு வெட்டு ஒரு வேளை. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். வயிற்றுப் புண்காரர்களுக்கு வெள்ளை மருந்து. கெட்டியாக, சுண்ணாம்பு கரைத்ததுபோல இருக்கும், வாயில் வைத்தால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காத மனிதரை நான் பார்த்ததில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவரிடம் பிறகு வருகிறேன்.

எங்கள் பக்கம் வயிற்றுவலிக்குப் பஞ்சமே கிடையாது. விடியற்காலை வெறும் வயிற்றில் டீ, பிறகு வெற்றிலை, பிறகு மதியம் வரை வேலை, வேலை இல்லாத நாளில் சாப்பாடும் இல்லை. அந்த நாட்களில் தினசரிப் பேப்பரின் உள்பக்கத்தில் அடிக்கடி ஒரு செய்தி வரும். 'தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த' என்று தொடங்கும். எப்படி முடியும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் டாக்டரம்மா கனகவல்லி அந்தச் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிவைத்திருந்தார். ஒருநாள் அந்த நோட்டை மருந்து ஜன்னலில் கொண்டுவந்து வைத்து, "இதுல மூணு பேர் உங்க கையால வெள்ளை மருந்து வாங்கிட்டுப் போனவங்க" என்றார்.

டாக்டரம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குட்டையான உருவம், செருப்புச் சத்தமே கேட்காது. வெள்ளைக் கோட்டின் இடது பையில் ஸ்டெதாஸ்கோப், வலது பையில் கடலை மிட்டாய். யாரையும் திட்டமாட்டார். 'சரி' என்ற ஒரே சொல்லை மூன்று விதமாகச் சொல்வார். சட்டென்று 'சரி' என்றால் போகலாம். இழுத்து 'சரீ' என்றால் செய்ததை மறுபடி செய்ய வேண்டும். முதலில் 'ம்' போட்டு, ஒரு மிட்டாயைக் கடித்து, பிறகு 'சரி' என்றால் வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராது.

வெளிநாட்டில் வயிற்றுப் புண்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்கிறார்கள் என்று எதிலோ படித்தாராம். நம் ஊரிலும் செய்து பார்க்கலாம் என்றார். "நீங்களும் உக்காரணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எதுக்குங்க?"

"உங்களுக்குப் பேச்சு ஜாஸ்தி."

"பேசிக் காட்டறதுக்குங்களா?"

"பேசாம இருக்கப் பழகறதுக்கு" என்றார்.

புதன்கிழமை பதினோரு மணி, ஓ.பி. முடிந்த பிறகு. பழைய துணிகள் அடைத்துவைத்திருந்த அறையைக் காலி செய்தோம். முதல் நாள் நாற்காலி, பெஞ்ச் எல்லாம் போட்டேன். பெரிய தவறு. நிலம் வைத்திருந்த இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், கூலி வேலை செய்கிறவர்கள் வாசல் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றார்கள், பெஞ்ச் காலியாகவே கிடந்தது. டாக்டரம்மா வந்து பார்த்தார். புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கீழே உட்கார்ந்தபிறகு மேலே உட்கார யாருக்குத் தைரியம் வரும்? அடுத்த வாரம் நாற்காலி போய் ஜமுக்காளம் வந்தது.

நடைமுறை இதுதான். எட்டுப் பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால், இரண்டு ரஸ்க். டாக்டரம்மா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைப்பார். அது நாற்பத்தைந்து நிமிடம் காட்டியதும் யார் எந்த வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் கூட்டம் முடிந்தது. முதலில் எல்லோரும் கண்ணை மூடி வயிற்றில் கை வைத்து நிதானமாக மூச்சு விட வேண்டும். பிறகு ஒருவர் அந்த வாரம் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் 'அடடா' சொல்லக் கூடாது, 'ஏன் அப்படிச் செஞ்ச' என்று கேட்கக் கூடாது. ஒரே ஒரு கேள்விதான் அனுமதி: "அப்போ வயிறு என்ன பண்ணுச்சு?"

முதல் புதன்கிழமை முழுவதும் கைவைத்தியத்தில் போனது. ஒருவர் வலி என்று சொல்ல வாயைத் திறந்ததும் ஏழு பேர் மருந்து சொன்னார்கள். மணத்தக்காளிக் கீரை, வெந்தயம், மாதுளம் தோல், குலதெய்வத்துக்கு மொட்டை. நம் ஆட்களிடம் வலி என்று சொல்லிவிட்டு வைத்தியம் கேட்காமல் தப்பிக்க முடியுமா? மூன்றாம் வாரம் டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டார். வைத்தியம் சொல்கிறவர் தன் டம்ளர் பாலை வலியைச் சொன்ன ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்று உளுந்தூர்பேட்டை லாரி டிரைவர் ஒருவர் ஐந்து டம்ளர் பால் குடித்தார். அதற்கடுத்த வாரம் வைத்தியம் நின்றுவிட்டது.

முதலில் உண்மையாகப் பேசியவர் சின்னப்பொண்ணு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பாதி நடந்து பாதி பஸ்ஸில் வருவார், மடியில் கடுக்காயோ புளியோ முடிந்து எனக்குக் கொண்டுவருவார். நாற்பது வயதிருக்கும். "சம்பா நடவு ஆரம்பிச்சிடிச்சின்னு கீழ நாத்து நட வந்தன். நடவு முடியறதுக்குள்ள எம் மாமியா மலை மேல செத்துப் போச்சி. சேதி எனுக்கு மூணு நாளு கழிச்சித்தான் வந்திச்சி. நான் போவறதுக்குள்ள பொதச்சிட்டாங்க" என்றார். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்த பண்ணைப் பெரியவர்தான் தயங்கித் தயங்கி, "அப்போ வயிறு இன்னா பண்ணுச்சிம்மா?" என்று கேட்டார். சின்னப்பொண்ணு யோசித்தார். "கல்லு வெச்ச மாதிரி ஆயிடிச்சி. இப்பக்கூட அங்கியேதான் கீது" என்று இடம் காட்டினார். காட்டிக்கொண்டே அழுதார். அடுத்த மாதத்திலிருந்து அவருக்கு வெள்ளை மருந்து பாதி அளவுதான் தேவைப்பட்டது. நான் ஒரு கம்பவுண்டர், பாட்டிலில் குறைவதும் கூடுவதும் என் கண்ணில் படாமல் போகாது. அதுவரை இதை ஒரு கூத்தாகத்தான் நினைத்தேன், அன்றிலிருந்து ஜமுக்காளத்தை நானே தட்டிப் போட ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் முடிக்கும்போது ஒன்று சொல்வார். "இங்க பேசினது வெளியில போகக் கூடாது. இங்க யார் வந்தாங்கன்றதும் போகக் கூடாது." இதைச் சொல்லும்போது மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்.

இரண்டாவது வருடம் தண்டபாணி வந்து சேர்ந்தார். சர்க்கரை ஆலையில் பீல்டுமேன். கரும்பு போடாதவர்களுக்கு இந்த உத்தியோகம் புரியாது. வயலில் கரும்பு எவ்வளவு விளைந்து நின்றாலும் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வராமல் ஒரு கழி வெட்ட முடியாது. யார் முதலில் நட்டுப் பதிந்தார்களோ அவர்களுக்கு முதலில் வர வேண்டும். அந்த வரிசையை வயல் வயலாகப் பார்த்துச் சிபாரிசு செய்கிறவர் பீல்டுமேன். அரவை சமயத்தில் கலெக்டரைத் தேடுகிறவர்களை விட அவரைத் தேடுகிறவர்கள் ஜாஸ்தி. ஆர்டர் தள்ளிப் போனால் கரும்பு பூத்துவிடும், உள்ளே பொக்கையாகிவிடும், எடை நிற்காது.

தண்டபாணிக்கு முப்பத்தைந்து வயது. மெலிந்த ஆள், பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். புண் நன்றாக முற்றியிருந்தது. டாக்டரம்மா என்னிடம், "இது ஒரு தடவை ரத்தம் விட்டா நம்மால முடியாது, புதுச்சேரிக்குத்தான் ஓடணும். போய்ச் சேருவாரான்னு தெரியாது" என்று சொல்லியிருந்தார். வட்டத்தில் அவர் மூன்று மாதம் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. பாலைக் குடிப்பார், கண்ணை மூடி மூச்சு விடுவார், மணி பார்ப்பார், போவார். ஆனாலும் ஒரு புதன்கிழமை தவறமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்துகொண்டு வந்தது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

ஒருநாள் மணவாளன் என்ற கரும்பு விவசாயி, மனைவிக்கு இருமல் மருந்து வாங்க என் ஜன்னலுக்கு வந்தார். இரண்டு ஏக்கர்காரர், ஐம்பதைத் தொட்டவர், தோளில் எப்போதும் பச்சைத் துண்டு. நான் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இந்த பீல்டுமேனு தண்டபாணியப் பாக்கவே முடியலீங்க கம்பவுண்டரே. ஆலைக்குப் போனா பீல்டுக்குப் போயிருக்காருன்றான். பீல்டுல கேட்டா ஆலைக்குப் போயிருக்காருன்றான். வூட்டுக்குப் போனா அந்தம்மா தலவாசலத் தாண்டியே வர்றதில்ல. நானும் நடையா நடந்துக்கினு இருக்கன்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒன்று மற்றவருக்குத் தெரியாது என்றால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. "எங்க போயிடுவாரு? புதன்கிழமை பதினோரு மணிக்கு எங்க ஜமுக்காளத்துலதான் ஒக்காந்துக்கினு இருப்பாரு" என்றேன். அதோடு விட்டேனா? வட்டம் என்றால் என்ன, எப்படிப்பட்ட வலிக்காரர்களைச் சேர்க்கிறோம், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வரும் வலி எது, பசியில் வரும் வலி எது, எல்லாவற்றையும் பாட்டிலுக்குக் காகிதம் ஒட்டி முடிப்பதற்குள் பாடம் எடுத்துவிட்டேன். மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வலி, பசித்தால் வலி, பால் குடித்தால் குறைகிறது. நான் படித்த புத்தகத்தில் இருந்தது அப்படியே. குழாய் விட்டுப் பார்க்கிற காலமில்லை, நோயாளி சொல்வதுதான் சாட்சி. டாக்டரம்மா வட்டத்தில் சேர்த்தார். எங்கே உட்காரவைப்பது என்று கேட்டபோது நான்தான், "தண்டபாணிக்கு நேர் எதிர்ல இடம் இருக்கு. ரெண்டு பேரும் கரும்புக்காரங்க, பேச்சு வரும்" என்றேன். அந்த யோசனைக்காக எனக்குள்ளேயே நான் பெருமைப்பட்டுக்கொண்டது வேறு.

பேச்சு வந்தது. ஆனால் ஒரு பக்கம்தான். ஒவ்வொரு புதன்கிழமையும் மணவாளன் தன் கரும்பைப் பற்றிச் சொன்னார். போன அரவையில் அவருடைய முறை வந்தும் ஆர்டர் வரவில்லை. "மொதல்ல நட்டவன் நானு. எனக்குப் பின்னால நட்டவன் கரும்பு லோடாவி போவுது, நான் வரப்புல நின்னு பாத்துக்கினு இருக்கன்" என்பார். இன்னொரு வாரம், "பூவெடுத்திடிச்சி. வெள்ளவெளேர்னு. பாக்கறதுக்கு அழகாத்தான் இருந்திச்சி" என்பார். கடைசியில் அந்தக் கரும்பு சாய்ந்துபோய், பாதியை மாட்டுக்குப் போட்டாராம். தையில் நிச்சயித்திருந்த மகளின் கல்யாணம் தள்ளிப்போக, மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் கோபமில்லாமல், பெயர் சொல்லாமல், எதிரில் இருந்த தண்டபாணியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வார். வட்டம் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், "வலிச்சிதுங்க" என்று மட்டும் சொல்வார்.

நான் என்ன கவனித்தேன் தெரியுமா? வெள்ளை மருந்தை முதல் முறை ஜன்னலிலேயே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். உலகத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள். வாரா வாரம் புதுப் புதுப் பாட்டிலோடு வந்தார். பழைய பாட்டிலை யாரும் திருப்பிக் கொண்டுவராமல் இருந்ததில்லை. "பிராந்திக் கடையோட ஏதாவது ஒப்பந்தமா?" என்று கிண்டல் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அவர் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, வயிற்றுப் புண்ணை வைத்துக்கொண்டு இதென்ன என்று நடுரோட்டில் சத்தம் போட்டேன். அவர் மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இவ்வளவையும் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. மற்றவர் வயிற்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு அப்படி.

தண்டபாணியின் முகம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளை மருந்து வாரத்துக்கு ஒரு பாட்டில் போய் இரண்டாயிற்று. மணவாளன் வந்த பதினோராவது வாரம், வட்டம் முடிந்து எழுந்த தண்டபாணி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, காப்பித்தூள் கரைத்ததுபோல வாந்தி எடுத்தார். அதன் பின்னாலேயே சிவப்பாக வந்தது. ஜமுக்காளத்தோடு தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினோம்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஐஸ் தண்ணீரால் வயிற்றைக் கழுவினோம். நான் ஐஸ் உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், என் கை மரத்துப்போனது. குழாயில் திரும்பி வந்த தண்ணீர் சிவப்பிலிருந்து ரோஸாக மாறவே மாட்டேன் என்றது. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் மணவாளன் ரத்தம் கொடுத்திருப்பார். கொடுக்கிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் நின்றார், ஆனால் குரூப் சேரவில்லை. ஆலையிலிருந்து வந்த இரண்டு பேர் கொடுத்தார்கள்.

சாயங்காலம் மருந்து ஜன்னலுக்கு வந்தபோது மணவாளன் அங்கே நின்றிருந்தார். கையில் இரண்டு மஞ்சள் பைகள். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து என் பலகையில் வரிசையாக வைத்தார். பதினோரு பாட்டில். முதலாவதில் மட்டும் ஒரு மடக்கு குறைவு. மற்றதில் நான் ஒட்டிய காகிதம்கூட கசங்கவில்லை.

"எனுக்கு வயித்துவலியே இல்லீங்க" என்றார். "எங் கரும்பத் தள்ளிவெச்ச ஆளு அவருதான். எங்க தேடியும் ஆப்புடல. நீங்கதான சொன்னீங்க, புதன்கிழம இங்க ஒக்காந்துக்கினு இருப்பாருன்னு. ஒரு வாட்டி எம் மூஞ்சிய நேராப் பாக்கட்டும்னு வந்தன். அடிக்கணும்னு வர்லீங்க. இப்பிடி ஆவும்னு சத்தியமாத் தெரியாதுங்க."

ஜன்னலைச் சாத்திவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஜன்னலில் அளந்தது, பாடம் எடுத்தது, எதிரெதிரே உட்காரவைத்தது, எல்லாம். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். அவர் "ம்" என்றார். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கடித்தார்.

"சரி" என்றார். பிறகு, "அவர் பிழைச்சு வந்தா, இதை வட்டத்துல அவர்கிட்ட நீங்களே சொல்லணும். என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

தண்டபாணி பிழைத்தார். மறுநாள் காலை குழாயில் வந்த தண்ணீர் வெளுத்திருந்தது. நான் வார்டு வாசலில் நின்று கும்பிட்டேன், சாமி பெயர் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நான்கு வாரம் கழித்து அவர் மறுபடி ஜமுக்காளத்துக்கு வந்தார். மணவாளனும் வந்தார். அவருக்கு வலியில்லை என்று தெரிந்தபிறகும் டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். "அவருக்கு வலி இல்லேன்னு யார் சொன்னது?" என்றார்.

பால் கொடுத்தேன். கடிகாரம் நடுவில் வந்தது. மணவாளன்தான் முதலில் பேசினார். "நான் வயித்துவலின்னு பொய் சொல்லித்தான் இங்க வந்தங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது, ஆறு மாதத்துக்கு மேலாக வாயைத் திறக்காத தண்டபாணி, வாயை மூடியிருந்த கையை எடுத்தார்.

"அவரு கரும்பத் தள்ளிவெச்சது நான்தான். எந் தங்கச்சி மாமனாரு கரும்பு பின்னால நட்டது. அத முன்னால எடுக்கச் சொன்னாரு. முடியாதுன்னு சொன்னன். தங்கச்சியப் பொறந்த வூட்டுக்கு அனுப்பிட்டாரு, பையோட வந்து நின்னுச்சி. எழுதிக் குடுத்துட்டன். அன்னிக்கிலேர்ந்து எனுக்குச் சோறு எறங்கல" என்றார்.

சின்னப்பொண்ணுதான், வழக்கம்போல, குரலை உயர்த்தாமல் கேட்டார். "எழுதிக் குடுத்தீங்களே, அப்போ வயிறு இன்னா பண்ணுச்சி?"

தண்டபாணி வாயைத் திறந்தார், சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. "கத்துச்சிம்மா. நாந்தான் கேக்கல" என்றார்.

எல்லோரும் மணவாளனைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்லிட்ட. செரி. போனது போனதுதான், எம் பொண்ணு கல்யாணம் திரும்பி வரப்போறதில்ல. மன்னிச்சிட்டன்னு எல்லாம் எனுக்குச் சொல்ல வராது" என்றார். பிறகு தண்டபாணியின் டம்ளரைக் காட்டி, "பாலக் குடி, ஆறிப்போவுது" என்றார்.

அதன்பின் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. மருந்து ஜன்னலில், டீக்கடையில், பஸ்ஸில், எழவு வீட்டில்கூட நிற்காத என் வாய் அந்த ஆறு நிமிடம் திறக்கவில்லை. தண்டபாணி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ராத்திரி முழுக்க ஐஸ் உடைத்தவர் கம்பவுண்டர்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்த நன்றியைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் "சரீ" என்று நீளமாக ஒரு குரல் கேட்டது.

டாக்டரம்மா அதன்பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வட்டம் இன்னும் சில வருடம் நடந்தது. நல்ல மாத்திரைகள் வந்தன, இரண்டே நாளில் வலி நின்றது, பேச ஆட்கள் வரவில்லை. டாக்டரம்மாவும் மகன் இருந்த ஊருக்குப் போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. வலி சீக்கிரம் போனால் நல்லதுதானே. தண்டபாணி மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டுக் கரும்போடு என் வீட்டுக்கு வருவார். "நீங்க இல்லாட்டி நான் இல்லீங்க" என்பார். ஒவ்வொரு வருடமும் அந்தக் கரும்பைக் கடிக்கும்போது எனக்குப் பல்லை விட வேறொரு இடம் கூசும்.

பதினாலு நாள் மாத்திரை முடிந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்த சின்ன டாக்டர், "கிருமி க்ளீன். நீங்க இனிமே மிளகாய் பஜ்ஜியே சாப்பிடலாம்" என்றார். வலி உண்மையாகவே போய்விட்டது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தேன். கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ் நின்றிருந்தது. கிழமையைப் பார்த்தேன். புதன். ஏறி உட்கார்ந்தேன்.

கச்சிராயபாளையத்தில் இருக்கும் தண்டபாணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாளாயிற்று. முடி முழுக்க வெளுத்துவிட்டது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. கூடத்தில் பாயை விரித்து உட்காரவைத்தார். மருமகள் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். மணவாளனிடம் ஜன்னலில் வாயை விட்டது நான்தான், அவரை உங்கள் முகத்துக்கு நேரே உட்காரவைத்ததும் நான்தான், வட்டத்தில் சொல்லச் சொன்னார்கள், சொல்லவில்லை. இவ்வளவுதான். நாற்பது வருடம் சுமந்தது நாலு வாக்கியத்தில் தீர்ந்துபோனது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தண்டபாணியின் முகம் இறுகியது, என் பக்கம் பார்க்கவில்லை. எழுந்து போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் செருப்பு இருக்கும் பக்கம் பார்த்தேன்.

அவர் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். எங்கள் இருவருக்கும் நடுவில் பாயில் வைத்தார்.

"டம்ளர எடுத்துக்கினு எழுந்து போனீங்களே கம்பவுண்டரே, அப்போ வயிறு இன்னா பண்ணுச்சி?" என்று கேட்டார்.

நான் சொல்லி முடிக்க நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவர் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை.